மேனேஜர் உடம்பு தேறவில்லை

வீடு இன்னும் எழுந்திருக்கவில்லை. மாமனார் அறையிலிருந்து குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. கணவன் படுத்திருந்த கூடத்தில் மின்விசிறியின் சத்தம் மட்டும்தான். வேனக்கா சின்ன டிபன் டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தன் சொந்த வீட்டுப் பின்கதவைத் திருடியைப் போலத் திறந்தாள்.

தாழ்ப்பாள் லேசாகக் கிறீச்சிட்டது. அப்படியே நின்றாள். குறட்டை நிற்கவில்லை. நல்லவேளை.

இப்படித் தன்னைப் பதுங்கிப் பதுங்கி நடக்க வைத்தவனை நினைத்ததும், விடிந்தும் விடியாததுமாக அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூத்தவர் வீட்டு மொட்டைமாடியில் நடந்ததை மற்றவர்கள் மறந்திருந்தாலும் அவள் மறக்கவில்லை. மூத்தவர் என்றால் கணவனின் அண்ணன். அவர் கொடுத்த விருந்தில் எல்லாரும் கையில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கோழிக்கு மருந்து கொடுக்க நேரமாகிறதே என்று இவள் மட்டும் பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். அப்படி என்ன அவசரம் என்று யாரோ கேட்டார்கள். இவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் முந்திக்கொண்டான்.

"வீட்ல புள்ள தனியா இருக்குல்ல. எங்களுக்குப் பொறந்தது அந்தக் கோழி ஒண்ணுதானே."

மாடியே சிரித்தது. ஒருத்தர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். பிள்ளைக்காக அவள் எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினாள், எத்தனை ஊசி குத்திக்கொண்டாள் என்பது அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று சொன்னாள். "இனிமே அந்தக் கோழியை நான் தொடமாட்டேன். இருந்தா இருக்கட்டும், செத்தா சாகட்டும். அது யாருக்குப் பொறந்ததோ அவங்க பாத்துக்கட்டும்." அதுதான் அவள் அவனிடம் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு.

சொல்வது சுலபம். கோழிக்குக் கோபதாபம் எல்லாம் தெரியுமா? அதற்குப் பசிக்கும்.

கூண்டின் கதவைத் தூக்கி அதை மெல்ல வெளியே எடுத்தாள். அதன் பெயர் மேனேஜர். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் காலையில் திறந்துவிட்டதும் துணி துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி, ஸ்கூட்டர் சீட் என்று ஒவ்வொன்றாகப் போய் நின்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வரும். எதுவும் அதற்குத் திருப்தியாக இருந்ததில்லை. அதனால் வந்த பெயர். ரத்தக் கழிச்சல் வந்து கூண்டில் இருந்த மற்றதெல்லாம் வரிசையாகப் போனபோது இது ஒன்றுதான் தப்பியது. கழிச்சல் நின்றது, கொண்டையில் பழையபடி ரத்தம் ஏறத் தொடங்கியது. ஆனால் சதை மட்டும் பிடிக்கவே இல்லை.

வேனக்கா அதன் நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். நடுவெலும்பு இன்னும் கத்திபோலத்தான் விரலில் பட்டது. இரண்டு பக்கமும் சதை என்று சொல்ல ஒன்றுமில்லை. இறகை நீக்கிவிட்டால் எலும்புக்கூடு.

ஆனால் கழுத்துக்குக் கீழே, தின்றது முதலில் போய்த் தங்கும் அந்தத் தீனிப்பை மட்டும் பந்துபோல உப்பியிருந்தது. அதைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல். நேற்றுக் கொடுத்தது வீணாகவில்லை, பை நிறையத் தங்கியிருக்கிறது, இனி உடம்பில் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டாள்.

டப்பாவில் அவித்த முட்டையின் மஞ்சள் கருவையும் குஞ்சுத் தீவனத்தையும் வெந்நீரில் குழைத்து வைத்திருந்தாள். விரலில் எடுத்து நீட்டினாள். மேனேஜர் தலையைத் திருப்பிக்கொண்டது.

"ரொம்பப் பிகு பண்ணாதே," என்று கிசுகிசுத்தாள். "நானே பயந்து பயந்து கொண்டாந்திருக்கேன்."

அலகை விரலால் பிரித்து, சுண்டைக்காய் அளவு உருட்டி உருட்டி உள்ளே தள்ளினாள். ஒவ்வொரு உருண்டைக்கும் அது கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கியது. அவளுக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு, வெயில் வந்த பிறகு, பின்வாசலில் உட்கார்ந்து நிதானமாக ஊட்ட வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் கோழியும் மடியுமாக யாராவது பார்த்துவிட்டால் மொட்டைமாடி ஜோக் நிஜமாகிவிடும். அந்த ஒரு வாக்கியம் அவள் கையைக் கட்டிப்போட்டிருந்தது. ஆத்திரத்தில் கடைசி உருண்டையைக் கொஞ்சம் பெரிதாகவே உருட்டிவிட்டாள்.

உள்ளே குறட்டை நின்றது. அவசரமாகக் கோழியைக் கூண்டில் விட்டு, டப்பாவை முந்தானைக்குள் திணித்து, கொடியில் காய்ந்த துணியை உருவுகிறவளைப் போல நின்றுகொண்டாள்.

கணவன் வந்தான். ஏசி மெக்கானிக். ஊரில் எல்லார் வீட்டையும் குளிரவைக்கிறவன், தன் வீட்டில் நெருப்பை வைத்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தான். பல் விளக்கியபடி கூண்டின் முன்னால் நின்றான். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் இருந்த கோபத்தில் அது ஏன் என்று யோசிக்கவில்லை.

"மேனேஜர், மோட்டர் போட்டாச்சான்னு கேட்டுச் சொல்லு," என்றான் கோழியிடம்.

இந்த வீட்டில் இப்போதெல்லாம் பேச்சு இப்படித்தான். இருவரும் கோழியிடம் பேசுவார்கள். கோழி யாருக்கும் பதில் சொல்லாது.

"போட்டாச்சுன்னு சொல்லு மேனேஜர்," என்றாள் அவள், துணியிடம் முகத்தைக் காட்டி. "காது இருக்கிறவங்களுக்கு டேங்க்ல தண்ணி விழற சத்தம் கேக்கும்னும் சொல்லு."

அவன் எச்சிலைத் துப்பினான். "பாவம், எலும்பும் தோலுமா நிக்கறே மேனேஜர். கவனிக்க ஒரு நாதி இல்ல உனக்கு. உயிரைவிட வீம்பு பெரிசாப் போச்சு சில பேருக்கு."

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. விடியலில் எழுந்து முட்டை அவித்துத் தோலுரித்துக் குழைத்தவள் இவள். நாதி இல்லையாம். சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. சொன்னால், தொடமாட்டேன் என்ற வார்த்தை என்னாவது? பல்லைக் கடித்துக்கொண்டு துணியை மூட்டையாகச் சுருட்டி உள்ளே எறிந்தாள். வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் கோபத்தோடு ஓட்டக்கூடாது. அது அவளுக்குத் தெரியும். பின்னால் இருபது புத்தகப்பைகளும் அவற்றுக்குரிய வாய்களும் இருக்கும்போது அவள் கால் ஆக்ஸிலரேட்டரில் பூப்போலத்தான் பதியும். பிள்ளைகள் வேனக்கா, வேனக்கா என்று கத்திக் கூப்பிட்டே அந்தப் பெயர் ஊருக்கெல்லாம் பரவியது. எல்லாரையும் இறக்கிவிட்டு, வண்டியை மதில் ஓரம் நிறுத்திய பிறகுதான் ஸ்டீரிங்கை ஒரு குத்து குத்தினாள்.

தினமும் வரும் நேரத்துக்குப் போன் வந்தது. தங்கை. பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். அன்று மொட்டைமாடி விருந்துக்கு அவளும் வந்திருந்தாள். அன்றிலிருந்து ஒரு காலைகூடத் தவறாமல் கூப்பிடுகிறாள்.

"என்னக்கா, இன்னும் பேசலதானே?"

"பேசல."

"பேசாதே. நாலு பேர் முன்னாடி உன்னை அப்படிச் சொல்ல அவருக்கு எப்படி மனசு வந்துச்சு? நினைச்சா எனக்கே வயிறு எரியுது. கட்டின பொண்டாட்டியைச் சொல்ற பேச்சா அது?"

அம்மா அப்பா போன பிறகு வேனக்காவுக்கென்று இருப்பது இந்தத் தங்கை ஒருத்திதான். தனக்காக வயிறு எரிய ஒரு ஆள் இருக்கிறது என்பதே அந்த நேரத்துக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"கோழி எப்படி இருக்கு?" என்றாள் தங்கை.

"எனக்கென்ன தெரியும்."

"அதுதான் சரி. கிட்டவே போகாதே. நீ அதைத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னேன்னு வை, அவர் சொன்னது சரின்னு ஆயிடும். இதை நான் அன்னைக்கே சொன்னேன் இல்ல?"

ஆமாம், அன்றைக்கு அவள்தான் சொன்னாள். கூடத்தில் நின்று வேனக்கா போட்ட சபதம் பாதி அவளுடையது. முட்டைக் கருவைப் பற்றித் தங்கையிடம்கூடச் சொல்லாமல் போனை வைத்தாள்.

மத்தியானம் வீட்டு வாசலில் வேனைத் திருப்பும்போதே மாமனார் கதவருகில் நின்று கையை ஆட்டினார். வேலை பார்த்த காலத்தில் ஒரு பெரிய கிடங்கின் வாட்ச்மேன். இரும்புக் கதவு விழுந்தால்கூடப் பதறாத மனிதர். இப்போது வேட்டி ஒரு பக்கம் அவிழ்ந்தது தெரியாமல் நின்றார்.

"ஏம்மா, மேனேஜர் நிக்க மாட்டேங்குது. வந்து பாரேன்."

சபதத்தை யார் நினைத்தார்கள். ஓடினாள். கோழி கூண்டின் மூலையில் உருண்டையாகச் சுருண்டிருந்தது. கழுத்தைப் பாம்புபோல முறுக்கி முறுக்கி நீட்டியது. அலகு பாதி திறந்திருந்தது. தூக்கியதும் வாயிலிருந்து புளித்த மாவின் வாடை அடித்தது.

மாமனார் போன் செய்திருப்பார் போலிருக்கிறது, கணவனும் கருவிப்பையோடு வந்து இறங்கினான். துணிக்கூடையில் பழைய துண்டைப் போட்டு கோழியை வைத்து வேனில் ஏற்றினாள். மாமனார் கூடையோடு பின்சீட்டில் உட்கார்ந்தார். மெக்கானிக் சின்னப் பிள்ளைகளின் சீட்டில் முழங்கால் தாடையில் இடிக்க ஒடுங்கிக்கொண்டான். வழி முழுக்க ஹாரனைத் தவிர வேறு பேச்சு இல்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளவயதுப் பெண். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். ரத்தக் கழிச்சலுக்கு மருந்து கொடுத்தவளும் அவள்தான். மேனேஜரை மேஜையில் வைத்து, கழுத்துக்குக் கீழே விரலை வைத்ததும் புருவத்தைச் சுருக்கினாள்.

"என்ன இது, மாவு மூட்டை மாதிரி இருக்கு? யார் இதுக்குத் தீனி போடறது?"

மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தார்கள். வேனக்கா சுவரில் இருந்த மாட்டுப் படத்தைப் பார்த்தாள்.

"யாருமே போடறதில்லையா? அப்போ காத்தைக் குடிச்சா இவ்வளவு உப்பியிருக்கு?"

மாமனார்தான் முதலில் செருமினார். "நான் கொஞ்சம்... மத்தியானத்துல. வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க. இவங்க ரெண்டு பேரும் சண்டையில அதைக் கண்டுக்கிறதில்ல டாக்டர். பார்க்கப் பாவமா இருந்துது. பால்ல பிரெட்டை ஊறவெச்சு..."

"எவ்வளவு?"

"அது தின்ற வரைக்கும்."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தாள். "வேற?"

மெக்கானிக் தரையைப் பார்த்தபடி சொன்னான். "காலையில இவ கிளம்பினப்புறம் மக்காச்சோளமும் வேர்க்கடலையும் போடுவேன். சாயங்காலம் புல்லு. வேலைக்குப் போற வீட்டுத் தோட்டத்துல நல்லா நீளமா, பச்சையா இருக்கும். ஒரு கட்டு அறுத்துட்டு வருவேன்."

"நறுக்கிப் போடுவீங்களா?"

"நறுக்கணுமா?"

வேனக்காவுக்குக் காது சூடாகியது. காலையில் பல் விளக்கிக்கொண்டு வந்து நின்றவனின் இன்னொரு கை இப்போது நினைவுக்கு வந்தது. தன் முறை வந்துவிட்டதும் தெரிந்தது. திருடிய பொருளைத் திருப்பி வைப்பதுபோலச் சொன்னாள். "விடியக்காலைல நான் ஊட்டுவேன். முட்டைக் கரு, தீவனம். அது வேணாங்கும். வாயைப் பிரிச்சு ஊட்டுவேன்."

மெக்கானிக் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "நீ தொடமாட்டேன்னு சொன்னியே."

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"விடியக்காலையில பை எப்படி இருந்துச்சு?" என்றாள் டாக்டர்.

"நிறைஞ்சுதான் இருந்துச்சு. நல்லாச் சாப்பிட்டிருக்குன்னு..."

"அங்கதான் தப்பு. ராத்திரி முழுக்கச் செரிச்சு, காலையில அந்தப் பை காலியா இருக்கணும். காலியா இல்லேன்னா உள்ள போகற வழி அடைச்சிருக்குன்னு அர்த்தம். புல்லு கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டிருக்கு. அது மேல பிரெட்டு பசை மாதிரி ஒட்டியிருக்கு. அதுக்கு மேல நீங்க வாயைப் பிரிச்சு அடைச்சிருக்கீங்க. ஒண்ணும் வயித்துக்குப் போகல. இந்தக் கோழி இவ்வளவையும் கழுத்துல கட்டிக்கிட்டுப் பட்டினி கிடக்குது."

டாக்டர் தட்டிலிருந்து ஒரு மெல்லிய குழாயை எடுத்தாள்.

"நோயில இருந்து எழுந்த கோழிக்குச் சதை பிடிக்கணும்னா கொஞ்சம் கொஞ்சமா, மெத்துனு, பலமுறை கொடுக்கணும்னு அன்னைக்கே சொன்னேன். அதை மூணு பேரும் தனித்தனியாச் செய்யச் சொல்லலையே. ஒரே வீட்லதானே இருக்கீங்க?"

டாக்டர் குழாயை உள்ளே விட்டு வெதுவெதுப்பான தண்ணீரும் துளி எண்ணெயும் செலுத்தினாள். பையை விரலால் வெகுநேரம் பிசைந்தாள். மேனேஜர் கண்ணை மூடி மூடித் திறந்தது. அதன் கால்கள் மேஜையில் கீறிய சத்தம் வேனக்காவுக்குத் தன் மேல் கீறியதுபோல இருந்தது. எத்தனை பேர் சேர்ந்து இதைக் கொல்லப் பார்த்திருக்கிறோம், அதில் நானும் ஒருத்தி என்று நினைத்ததும் அழுகை வரவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது.

"இன்னைக்குத் தீனி கிடையாது, தண்ணி மட்டும்," என்றாள் டாக்டர் கையைக் கழுவியபடி. "அப்பப்போ இப்படிப் பிசைஞ்சு விடுங்க. தலைகீழாப் பிடிக்காதீங்க, மூச்சு அடைச்சுடும். நாளைக்குக் காலையில தொட்டுப் பாருங்க. பை இறங்கியிருந்தா பிழைச்சுது. இறங்கலேன்னா கிழிச்சுத்தான் எடுக்கணும். இப்ப இருக்கிற உடம்பு அதைத் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது."

பிறகு மூவரையும் பார்த்தாள். "பிழைச்சா, இனிமே ஒரே ஒருத்தர்தான் தீனி போடணும். அது யாரு?"

"இவதான் டாக்டர்," என்றான் மெக்கானிக் வேகமாக. "இவளுக்குத்தான் அது..."

பாதியில் நின்றான். எந்த வார்த்தை வர இருந்தது என்பது அவனுக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

"சொல்லுங்க," என்றாள் வேனக்கா. அந்தச் சபதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவனிடம் நேராக. "ஏன் நிறுத்திட்டீங்க? அது எனக்கு யாருன்னு சொல்லுங்க. டாக்டரும் கேட்டுச் சிரிக்கட்டும்."

டாக்டர் அடுத்து நின்ற ஆட்டை உள்ளே கூப்பிட்டாள். பாவம், அவளுக்கு வேறு வழியில்லை.

வெளியே மரநிழலில் வேன் நின்றது. சாயங்காலம் பிள்ளைகளை ஏற்ற இன்னும் நேரம் இருந்தது. மாமனார் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தபடி கோழியின் கழுத்தடியை நீவிக்கொண்டிருந்தார். இவள் டிரைவர் சீட்டில் ஏறினாள். அவன் பக்கத்துச் சீட்டில் ஏறினான். அவள் சாவியைப் போடவில்லை.

"மன்னிச்சுடு," என்றான்.

"எதுக்கு?"

"அன்னைக்குச் சொன்னதுக்கு. ஏதோ ஒரு வேகத்துல வாய் தவறி வந்துடுச்சு. நான் அப்படி நினைக்கிறவன் இல்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"என்ன நினைச்சீங்கன்னு எனக்குத் தெரியாது. என்ன சொன்னீங்கன்னுதான் தெரியும்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும். "என் வீட்டுப் பின்வாசல்ல உக்காந்து, என் கோழியை மடியில வெச்சு, பட்டப்பகல்ல ஊட்டணும்னு எனக்கு ஆசை. அவ்வளவுதான். நீங்க வாயை விட்டதுல இருந்து அதைத் தொடறதே எனக்குக் கேவலமாப் போச்சு. ஒளிச்சு வெச்சுத் தொட வேண்டியதாப் போச்சு. நான் ஒளிச்சேன், அதனால நீங்க ஒளிச்சீங்க, அதனால மாமா ஒளிச்சாரு. இப்ப அது கழுத்துல கட்டியோட கிடக்கு. இதுக்கு ஒரு மன்னிச்சுடா?"

"வேற என்ன செய்யச் சொல்றே?"

"எங்க சொன்னீங்களோ அங்க கேளுங்க. இங்க, வேனுக்குள்ள, யாருக்கும் கேக்காம கேக்காதீங்க. சிரிச்சவங்க காதுல விழணும். உங்க அண்ணனுக்குப் போன் போடுங்க."

அவன் முகம் மாறியது. வெட்கம் என்று அவள் நினைத்தாள். "அதை ஏன் இப்பப் போய்க் கிளறணும்? நேர்ல பார்க்கும்போது நானே பக்குவமா..."

"போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

"நான் சொல்றதைக் கேளு. இது வேணாம்."

"கட்டினவளை நாலு பேர் முன்னாடி மட்டமாப் பேச மட்டும் வேணுமா?"

"போடுறா," என்றார் மாமனார் பின்னாலிருந்து. அவர் மகனை அப்படி அதட்டி அவள் கேட்டதில்லை. "அவ கேக்கறதுல என்ன தப்பு இருக்கு. போடு."

மெக்கானிக் போட்டான். மூத்தவர் குரல் வேன் முழுக்க நிறைந்தது. எப்போதும் பாதிச் சிரிப்பிலேயே பேசுகிறவர்.

"என்னடா, என் வீட்டு ஏசியைப் பார்க்க எப்ப வர்றே?"

"அண்ணே, அது இருக்கட்டும். அன்னைக்கு விருந்துல நான் ஒண்ணு சொன்னேன்ல. கோழியைப் பத்தி. அது தப்பு. இவளை அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. அண்ணிகிட்டயும் மத்தவங்ககிட்டயும் நான் சொன்னேன்னு சொல்லிடுங்க. எல்லார் முன்னாடியும் வந்து மன்னிப்புக் கேக்கவும் நான் தயார்."

வேனக்காவின் தோள் லேசாக இறங்கியது. சரியாகத்தான் சொன்னான். மழுப்பவில்லை, சுற்றி வளைக்கவில்லை. போகட்டும் என்று ஒரு மூலையில் தோன்றத் தொடங்கியது.

மூத்தவர் சிரித்தார். "அட, இதுக்குப் போயி இவ்வளவு பெரிய பேச்சா? அது உன் ஜோக்கே இல்லையேடா. உன் கொழுந்தியா சொன்னதுதானே?"

"அண்ணே, அப்புறம் பேசறேன்."

"கீழ சமையலறையில நின்னு சொல்லிக்கிட்டிருந்தாளே, எங்கக்காவுக்குப் பொறந்தது அந்தக் கோழி ஒண்ணுதான்னு. உங்க அண்ணிக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையே ஏறிப்போச்சு. நீயும் அங்கதானே தண்ணி குடிச்சுக்கிட்டு நின்னே. மேல வந்து அதையே எடுத்து விட்டே. ஊர் ஜோக்கைச் சொல்லிட்டு மன்னிப்பு மட்டும் நீ கேக்கறியா?"

மெக்கானிக்கின் விரல் போனை அணைக்கப் போனது. வேனக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மூத்தவர் மேலும் ஏதோ சொன்னார், ஏசியைப் பற்றி. பிறகு அவரே வைத்துவிட்டார்.

வேனுக்குள் கோழி மூச்சு விடும் சத்தம் கேட்டது.

தினமும் காலையில் வரும் அந்தப் போன். எப்படிக்கா மனசு வந்துச்சு. நினைச்சா வயிறு எரியுது. கிட்டவே போகாதே. அக்கா அக்கா என்று வாய் ஓயாமல் கூப்பிட்டது. அதைச் சொன்னதும் அதே வாய்.

"தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். "சொல்லி? உனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்தி. அவளும் இல்லாமப் போயிடுவாளேன்னுதான். திட்டு என்னோட போகட்டும்னு விட்டுட்டேன்."

அந்த வார்த்தை அவளை ஒரு கணம் அசைத்தது. இத்தனை நாள் கோழியிடம் குத்தல் பேசிக்கொண்டிருந்தவன் உள்ளே இதை வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறான். நல்ல மனசுதான். ஆனால் நல்ல மனசு மட்டும் போதுமா? பிரெட்டை ஊறவைத்ததும் நல்ல மனசு. புல்லை அறுத்து வந்ததும் நல்ல மனசு. எல்லாம் சேர்ந்துதான் கூடையில் கிடக்கிறது.

"எனக்கு எது தாங்கும், எது தாங்காதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க," என்றாள். "சரி. அவ கீழ சொன்னதைக் கேட்டீங்களே, அப்பவே வாயை மூடுன்னு அவளை அதட்டியிருக்கலாம். செய்யல. அவ கீழ சமைச்சதை மாடிக்கு எடுத்துட்டுப் போயி ஊருக்கே பரிமாறினது நீங்க. அவளைக் காப்பாத்தினேன்னு எங்கிட்ட பெருமை பேசாதீங்க."

அவன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"கூடையைக் கொடுங்க மாமா," என்றாள்.

மாமனார் நீட்டினார். துண்டோடு மேனேஜரை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வேனின் கண்ணாடி முழுக்க இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், கன்றோடு போனவர், சைக்கிளில் இருந்தவர் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். வலது கையால் கழுத்தடியை மேலிருந்து கீழாக மெதுவாகப் பிசைந்தாள். பை இன்னும் கல்போலத்தான் இருந்தது. இடது கையால் தன் போனை எடுத்தாள்.

"வேணாம்," என்றான் மெக்கானிக் தாழ்ந்த குரலில். "இன்னைக்கு வேணாம். மனசு ஆறினப்புறம் பேசு."

அவள் ஏற்கெனவே அழைத்துவிட்டாள். இரண்டாவது மணியிலேயே தங்கை எடுத்தாள். பார்லரில் முடி காயவைக்கும் ட்ரையர் பின்னால் இரைந்துகொண்டிருந்தது.

"சொல்லுக்கா. என்ன இந்த நேரத்துல? அவர் எதாவது பேசினாரா? நீ இறங்கிப் போகாதே. அந்தக் கோழிப் பக்கமும் போகாதே."

"கோழி என் மடியிலதான் இருக்கு," என்றாள் வேனக்கா. "நாளைக்குக் காலையிலதான் அது பிழைக்குமா இல்லையான்னு தெரியும். நீயும் காலையில வா. வந்து, அன்னைக்குச் சமையலறையில சிரிச்சுக்கிட்டே சொன்னதை என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லு."

ட்ரையர் சத்தம் நின்றது.

வேனக்கா காத்திருந்தாள். எந்தச் சமையலறை என்றுகூடத் தங்கை கேட்கவில்லை.